யூனியோஷி வரும் சில நிமிடங்கள்: ஒரு பழைய நகைச்சுவைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

ஹாலி கோலைட்லி அதிகாலையில் வீடு திரும்புகிறாள். கையில் சாவி இல்லை. அது அவளுக்கு வழக்கம்தான். யோசிக்காமல் மேல்மாடியில் குடியிருக்கும் யூனியோஷியின் அழைப்பு மணியை அழுத்துகிறாள். அந்த மனிதர் அலறிப் புடைத்து எழும்போது, தலைக்கு மேல் தொங்கும் காகித விளக்கில் மடேரென்று முட்டிக்கொள்கிறார். தடுமாறி வெளியே வந்து, படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்தபடி அவள் பெயரைக் கத்துகிறார். 'ல' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ர' வருகிறது. வாயைவிட்டு வெளியே துருத்தும் பொய்ப் பற்கள், நாடா ஒட்டி இழுத்த கண்ணிமைகள். பாத்திரம் ஜப்பானியர். நடித்தவர் வெள்ளை அமெரிக்கரான மிக்கி ரூனி.

1961 அக்டோபரில் வெளியான 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் யூனியோஷி வருவது சில நிமிடங்கள்தான். கதை அவரை நம்பி இல்லை. அவரை எடுத்துவிட்டாலும் படம் ஓடும். ஆனால் இன்றைக்கு இந்தப் படத்தைப் பற்றி யார் பேசினாலும், ஹாலியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் கறுப்பு உடைக்கு அடுத்தபடியாகப் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. சில திரையிடல்களில் அதற்கும் முன்பாகவே.

சர்ச்சைக்குரிய பழைய நகைச்சுவைகளை இன்றைய பார்வையாளர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். காரணம், இது மோசமான படம் இல்லை. மோசமான படமாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொள்ளாமல் மறந்திருப்பார்கள். சிறந்த இசைக்கும் சிறந்த பாடலுக்குமாக இரண்டு ஆஸ்கர் வாங்கிய படம். 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட படம். மக்கள் மனதார நேசிக்கும் படம். அதனால்தான் சண்டை.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்காரர்களும் அநேகமாக ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம் உண்டு: "அந்தக் காலத்தில் இது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை." படத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதைச் சமாதானமாகச் சொல்கிறார்கள். தாக்குபவர்கள், அந்தக் காலம் எவ்வளவு குருடாக இருந்தது என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். இந்தப் படத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் அந்த வாக்கியமே நிற்காது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான். ரசனை மாறியது என்பதைவிட, அரங்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த சிலருடைய குரல் பிற்பாடு கணக்கில் வந்தது என்பதே நடந்ததற்குப் பக்கத்தில் வரும்.

1961: யாருக்கும் தெரியாமலா இருந்தது?

படம் வந்த அந்த நாட்களிலேயே 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' விமர்சனம், ரூனியின் பாத்திரம் ஒரு கேலிச்சித்திரம் என்றும் பலரைப் புண்படுத்தும் என்றும் எழுதிவிட்டது. தொழில்காரர்கள் படிக்கிற பத்திரிகை அது. ஸ்டுடியோவில் ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கும் என்று நம்ப முடியவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஏ. எச். வைலர் அதே பற்களையும் கிட்டப்பார்வையையும் குறிப்பிட்டுவிட்டு, சங்கடம் எதுவும் காட்டாமல் கடந்து போனார். ஒரே வருடம், ஒரே படம், இரண்டு விதமான கண்கள். ஆக 'அந்தக் காலம்' என்று ஒற்றைப் பார்வை எதுவும் இல்லை.

இந்தப் பாத்திரம் தானாக வந்ததும் இல்லை. ட்ரூமன் கபோட்டியின் 1958 குறுநாவலில் யூனியோஷி கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புகைப்படக்காரர். கதையின் தொடக்கத்தில், ஹாலியின் முகச்சாயலில் செதுக்கப்பட்ட ஒரு மரச்சிற்பத்தை ஆப்பிரிக்காவில் பார்த்துப் படமெடுத்து வருபவர் அவர்தான். அந்தப் படத்தை வைத்துத்தான் கதைசொல்லிக்குப் பழைய நினைவுகள் கிளறப்படுகின்றன. அதாவது கதையின் கதவைத் திறந்துவிடும் ஆள். திரைக்கதையில் அந்த வேலை பறிபோய், விளக்கில் முட்டிக்கொள்ளும் வேலை கொடுக்கப்பட்டது. மூலத்தில் இருந்த குறை திரையிலும் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வழியில்லை. மூலத்தில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? போர்க்காலத்திலிருந்து. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் பிரசாரச் சுவரொட்டிகளிலும் கேலிச்சித்திரங்களிலும் ஜப்பானியர் என்றாலே இந்தப் பற்கள், இந்தக் கண்கள். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையின் பேரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி அமெரிக்கக் குடிமக்கள். அந்த முகத்தை வெறுக்கக் கற்றுக்கொடுத்த அதே படங்கள், போர் முடிந்து 16 ஆண்டுகளில் சிரிப்பு மூட்டும் சரக்காகத் திரும்பி வந்தன. முகாமிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் அப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்தார்கள். அவர்களும் சினிமாவுக்குப் போனார்கள்.

"ஆசிய நடிகர்கள் கிடைக்கவில்லை" என்ற இன்னொரு சமாதானமும் அடிக்கடி வரும். மியோஷி உமேகி 1958-லேயே துணை நடிகைக்கான ஆஸ்கரை வாங்கிவிட்டார். அதே 1961 நவம்பரில், அதாவது அடுத்த மாதமே, பெரும்பாலும் ஆசிய வம்சாவளி நடிகர்களை வைத்து எடுத்த 'ஃப்ளவர் டிரம் சாங்' வெளிவந்தது. அதில் ஜேம்ஸ் ஷிகேட்டா கதாநாயகர். ஆள் இல்லாமல் இல்லை. ஆளைத் தேடவில்லை. இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸுக்குப் பழகிய ஆள் ரூனி. தத்தித் தடுமாறி விழும் வகைக் காமெடி எட்வர்ட்ஸுக்கு உயிர். அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன். பெரிய தீய நோக்கம் ஒன்றும் இல்லாமல், சும்மா அசட்டையால் நடந்த தவறு. அசட்டையாகச் செய்ததுதான் அதிகம் வலிக்கும் என்பது வேறு கதை.

அன்றைய கவலை எங்கே இருந்தது

1961-ல் படக்குழு பயந்து பயந்து கையாண்ட விஷயம் யூனியோஷி அல்ல, ஹாலியின் பிழைப்பு. ஆண்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களோடு வெளியே போய்வரும் பெண். பக்கத்து வீட்டு எழுத்தாளன் பாலும் ஒரு பணக்காரப் பெண்மணியின் தயவில் வாழ்பவன். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் அப்போதும் நடைமுறையில் இருந்தன. அதனால் ஜார்ஜ் ஆக்ஸல்ராட் எழுதிய திரைக்கதை எதையும் நேரடியாகச் சொல்லாமல், ஒப்பனை அறைக்கு ஐம்பது டாலர் என்கிற மாதிரி மறைபேச்சில் நகர்கிறது. கபோட்டி மனதில் வைத்திருந்தது மர்லின் மன்றோவை. ஹெப்பர்ன் வந்ததும் பாத்திரமே வெளுத்துத் துவைத்த மாதிரி ஆனது.

இன்றைக்கு ஹாலியின் தொழிலால் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. அதைப் பூசி மெழுகியதைத்தான் குறை சொல்கிறார்கள். அன்று கத்திரியோடு காத்திருந்தவர்கள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, படம் பழசான இடம் முற்றிலும் வேறு பக்கம்.

அரங்கின் இருட்டில் ஒருவர்

அந்த நாட்களில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிப் பதிவுகள் குறைவு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதாதவன் வரலாற்றில் சிரித்தவனாகவே எண்ணப்படுகிறான். இந்த இடைவெளியை நிரப்ப ஒரு காட்சி வந்தது. அது வந்ததும் ஒரு சினிமாவிலேயே. 1993-ல் வெளியான 'டிராகன்: தி புரூஸ் லீ ஸ்டோரி'யில் புரூஸ் லீயும் அவர் காதலி லிண்டாவும் தியேட்டரில் உட்கார்ந்து 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' பார்க்கிறார்கள். யூனியோஷி வந்ததும் அரங்கம் சிரிக்கிறது. லிண்டாவும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்புகிறாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுடைய சிரிப்பும் பாதியில் நின்றுபோகிறது. கிளம்பலாம் என்கிறாள்.

இது வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்காக எழுதப்பட்ட காட்சி. நடந்ததற்கான ஆவணமாக இதை எடுக்க வேண்டாம். ஆனால் பார்வையாளர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. லிண்டா எந்தக் கட்டுரையையும் படிக்கவில்லை. யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த ஜோக் அவளுக்கு வேலை செய்யவில்லை. இன்றைக்கு இந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் இளைஞர்களை "எல்லாவற்றுக்கும் புண்படுகிறார்கள்" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த இளைஞர்களில் பலருக்குப் பக்கத்து இருக்கையில் வகுப்புத் தோழியோ, உடன் வேலை செய்பவரோ, மனைவியோ, கணவரோ இருக்கிறார். கொள்கை அப்புறம்தான் வருகிறது.

சாக்ரமென்டோ, 2008

கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் 2008 கோடையில் பூங்கா ஒன்றில் திறந்தவெளித் திரையிடலாக இந்தப் படத்தைப் போட ஏற்பாடாகியிருந்தது. ஆசிய-அமெரிக்கர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படம் கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாக எலி ஒன்று சமையல்காரராகும் அனிமேஷன் படம் திரையிடப்பட்டது. யாரையும் புண்படுத்தாத தேர்வு, எலிகளைத் தவிர.

இதை அளவுக்கு மீறிய நடவடிக்கை என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். இடத்தை மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினரைத் திரட்டி வைத்த தற்காலிக முகாம்களில் ஒன்று அந்த ஊரின் ஓரத்தில், வலெர்காவில் இருந்தது. அங்கே அடைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து போகும் பொதுப் பூங்கா அது. டிக்கெட் வாங்கி, இன்ன படம் என்று தெரிந்து, இருட்டு அரங்கில் போய் உட்காருவது ஒன்று. ஊரே பாய் விரித்துக் குழந்தைகளோடு உட்காரும் இடத்தில், யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் அந்தப் பற்களைத் திரையில் காட்டுவது இன்னொன்று. படம் ஒன்றுதான், அழைப்பு வேறு. அங்கே நிறுத்தியது சரி. அதே வாரம் அதே ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் அந்தப் படத்தைப் போட்டு, பின்னணியைச் சொல்லி விவாதித்திருந்தால் அதுவும் சரியாகவே இருந்திருக்கும்.

இந்தச் சர்ச்சை வெடித்ததும் செய்தியாளர்கள் ரூனியிடம் போனார்கள். அவருக்கு அப்போது 87 வயது. நெஞ்சு உடைந்துவிட்டது என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை, ஆசியர்களே வந்து பாராட்டியிருக்கிறார்கள் என்றார். இப்படிப் புண்படுவார்கள் என்று தெரிந்திருந்தால் நடித்தே இருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதோடு, பிடிக்காதவர்களை மன்னித்துவிடுவதாகவும் சொன்னார். யார் யாரை மன்னிப்பது என்ற குழப்பம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை போலிருக்கிறது.

ஆனால் அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கைக்குழந்தையாகவே மேடையேறியவர் அவர். வேஷம் கட்டி, குரலை மாற்றி, கீழே விழுந்து சிரிக்க வைப்பதுதான் அவருக்குத் தொழில். புகழ்பெற்ற நடிகரிடம் நேரில் வந்து "உங்களைப் பார்த்து நான் கூனிக் குறுகினேன்" என்று யார் சொல்வார்கள்? பாராட்ட வந்தவர்கள் மட்டும்தான் அவர் காதுவரை வந்திருப்பார்கள். 1961 விமர்சனம் அச்சில் இருந்தும், அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு புகார் இல்லவே இல்லை. சிரிக்காதவர்களின் மௌனம் கலைஞனிடம் சம்மதமாகப் போய்ச் சேருகிறது.

மற்றவர்கள் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. வேறு ஒருவரை வைத்து எடுக்க முடிந்தால் எதையும் கொடுப்பேன் என்கிற அளவுக்குப் பின்னாளில் எட்வர்ட்ஸ் வருந்தினார். தயாரிப்பாளர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஷெப்பர்டும், ரூனியை மட்டும் மாற்ற முடிந்தால் படத்தில் தனக்கு வேறு குறையே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2009 டிவிடியில், இந்தப் பாத்திரத்தை ஆசிய-அமெரிக்கர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது குறித்த ஒரு குறும்படத்தையே இணைத்து வெளியிட்டார்கள். 2013-ல் பிராட்வே மேடைக்கு இதே கதை போனபோது யூனியோஷியாக நடித்தவர் ஜேம்ஸ் யாயேகாஷி. மேடையில் அது மறுபடியும் ஒரு மனிதனின் பாத்திரமாகிவிட்டது.

காமெடி மட்டும் ஏன் இப்படிக் கெடுகிறது

பழைய சோகப் படம் ஒன்றில் இனவெறி இருந்தால், பார்ப்பவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட முடியும். அந்தக் காலம் இப்படி இருந்தது என்று ஆவணம் போல எடுத்துக்கொள்ளலாம். காமெடியில் அந்த வசதி கிடையாது. ஜோக் என்பது பார்வையாளரிடம் கையொப்பம் கேட்கிறது. சிரித்தால் உடன்பாடு, சிரிக்காவிட்டால் ஜோக்கே நடக்கவில்லை. நடுவில் நிற்க இடம் இல்லை.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயமும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நிரம்பிய அரங்கை மனதில் வைத்து வெட்டப்பட்ட படங்களில், ஒவ்வொரு விழுதலுக்குப் பின்னாலும் சிரிப்பு அடங்குவதற்கு ஒரு மூச்சு நேரம் விட்டிருப்பார்கள். அடுத்த வசனம் காதில் விழ வேண்டுமே. ரூனி விளக்கில் முட்டிக்கொண்டு, முகத்தைக் கோணி, ஒரு நொடி அப்படியே நிற்கிறார். அந்த நொடி நூற்றுக்கணக்கானவர்களின் சிரிப்புக்கான இடம். வீட்டில் தனியாக, மடிக்கணினியில் பார்க்கும்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மௌனம். அந்த மௌனத்தில் ஒப்பனை தெரிகிறது, நாடா ஒட்டிய இமை தெரிகிறது, ஒரு மனிதர் அரும்பாடுபட்டு இன்னொரு இனத்தைப் போல முகம் கோணுவது தெரிகிறது. பழைய காமெடிகள் மேல் இன்று இருக்கும் கடுமைக்குப் பாதிக் காரணம் ஓடிடியும் தனியறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் மூடி வைத்திருந்ததைத் தனிமை திறந்துவிடுகிறது.

சரி, அப்படியானால் எல்லாப் பழைய சர்ச்சைக் காமெடிகளும் இப்படித்தான் கெட்டுப்போகுமா? இல்லை. மூன்று படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, இதே எட்வர்ட்ஸ் ஏழு வருடம் கழித்து எடுத்த 'தி பார்ட்டி'. பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு பூசிக்கொண்டு ஹிருண்டி பக்ஷி என்ற இந்திய நடிகராக வருகிறார். விதிப்படி பார்த்தால் யூனியோஷிக்குக் கிடைத்த அதே அடி இதற்கும் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது, ஆனால் பாதிதான். பக்ஷி கதையின் நடுவில் இருக்கிறார். நல்லவர், கூச்ச சுபாவம், மற்றவர்களின் நாகரிகக் கூத்துக்கு நடுவே மனிதத்தன்மை உள்ள ஒரே ஆள் என்றுகூடச் சொல்லலாம். இந்தியர்களிலேயே இதை ரசித்துப் பார்ப்பவர்கள் ஏராளம். அதே சமயம், அந்தக் குரல் படத்தோடு நிற்கவில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா, செல்லர்ஸின் பக்ஷியைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் குரலில் கேலி செய்யப்பட்டார்கள். இந்திய-அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-ல் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டார். ஆக, படம் பார்த்துவிட்டுத் தன் பெரும்பான்மைக்கு நடுவே வீடு திரும்பும் இந்தியருக்கு அது பொழுதுபோக்கு. அதே குரலை மறுநாள் வகுப்பறையில் கேட்க வேண்டிய பிள்ளைக்கு அது வேறு. "நம்ம ஆளுங்களே சிரிக்கிறாங்களே" என்று வாதாடுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. ஜப்பானில் ஒருவர் யூனியோஷியைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். சாக்ரமென்டோவில் இருப்பவருக்கு அது இயலாது.

இரண்டாவது, மெல் புரூக்ஸின் 'பிளேசிங் சாடில்ஸ்', 1974. காது கூசும் இனவசைச் சொற்கள் படம் முழுக்க. ஸ்டுடியோ அவற்றை வெட்டச் சொன்னது, புரூக்ஸ் கேட்கவில்லை. வெள்ளையர்கள் மட்டும் வாழும் ஊருக்குக் கறுப்பர் ஒருவர் ஷெரீஃபாக வருகிறார். அங்கே முட்டாளாவது அந்த ஊர்தான், வந்தவர் அல்ல. எழுதியவர்களில் கறுப்பினக் காமெடிக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். எனவே வசைச்சொல் பேசுபவன் மேல் திரும்பி விழுகிறது. இன்றைய பார்வையாளர்களில் பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்ற புலம்பலுக்கு இந்தப் படமே பதில். ஆனால் கடைசிப் பகுதியில் ஆண் நடனக்காரர்களை நளினப்படுத்திச் சிரிக்கும் காட்சி வரும்போது அந்தக் கவசம் இல்லை. அங்கே ஜோக் யார் மேல் விழ வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரே படம், ஒரே எழுத்தாளர்கள். கவனமாகக் குறிவைத்த காட்சிகள் நிற்கின்றன, கவனிக்காமல் விட்டவை வாடிவிட்டன.

மூன்றாவது, இயேசுவின் காலத்தில் நடக்கும் மான்டி பைத்தான் குழுவின் காமெடி 'லைஃப் ஆஃப் பிரையன்', 1979. மத நிந்தனை என்று அமளி. பண உதவியிலிருந்து ஈஎம்ஐ என்ற பட நிறுவனம் பின்வாங்க, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைகொடுத்துத்தான் படமே முடிந்தது. பிரிட்டனில் பல உள்ளாட்சிகள் தடுத்தன. நார்வே சில காலம் தடை போட்டது. அதையே ஸ்வீடனில் விளம்பரமாக்கினார்கள். அயர்லாந்தில் தடை 1987 வரை நீடித்தது. 2019-ல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் அதற்குச் சிறுவர்களும் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்ற 12ஏ சான்று கொடுத்துவிட்டது. மதச் சண்டை ஓய்ந்துபோயிற்று. இப்போது வாக்குவாதம் நடப்பது, அன்று யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு காட்சியைச் சுற்றி: தன்னை இனி லொரெட்டா என்று அழைக்கும்படி கேட்கும் புரட்சியாளன். மேடைக்குக் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோது அதை நீக்கும்படி தனக்கு ஆலோசனை வந்ததாகவும், நீக்கப்போவதில்லை என்றும் படத்தை எழுதி நடித்தவர்களில் ஒருவரான ஜான் கிளீஸ் 2023-ல் சொன்னார். ஒரு படத்தின் மீதான சண்டை எங்கே தொடங்கியதோ அங்கேயே முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

என்ன செய்வது?

கையில் இருக்கும் வழிகள் நான்கு. நீக்குவது, வெட்டுவது, எச்சரிக்கை வாசகம் போடுவது, ஒருவர் வந்து பேசுவது.

இவற்றில் வெட்டுவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழி. யூனியோஷியை வெட்டிவிட்டால் படம் பழுதில்லாமல் ஓடும், அதுதான் ஆபத்து. 1961-ல் ஒரு பெரிய ஸ்டுடியோ இதைச் செய்தது என்பதற்கான தடயம் போய்விடும். லாபம் அந்தப் படத்தை விற்பவருக்கு மட்டுமே. ஜப்பானிய-அமெரிக்கப் பார்வையாளருக்கு அதனால் என்ன கிடைத்தது? அவர் பட்ட அவமானத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போனது.

எச்சரிக்கை வாசகம் பெரும்பாலும் சடங்கு. கறுப்புத் திரையில் இரண்டு வரி, 'அக்காலக் கருத்துகள் இடம்பெற்றுள்ளன' என்கிற மாதிரி. என்ன கருத்து, யாருடையது என்று சொல்லாது. புகைபிடித்தல் எச்சரிக்கையைப் போலக் கண் தானாகத் தாண்டிவிடும். அது சட்ட ஆலோசகரின் நிம்மதிக்காகப் போடப்படுவது.

ஒருவர் வந்து சில நிமிடம் பேசுவது வேறு. 2020-ல் எச்பிஓ மேக்ஸ் தளம் 'பிளேசிங் சாடில்ஸ்' படத்துக்கு முன்னால் திரைப்பட ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் அறிமுகவுரையைச் சேர்த்தது. 2021 மார்ச்சில் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சி, சிக்கலான 18 பழைய படங்களை எடுத்துக்கொண்டு ஒரு தொடரே நடத்தியது. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' அதில் ஒன்று. தொகுப்பாளர்கள் உட்கார்ந்து, படத்தை ஏன் நேசிக்கிறோம், எங்கே நெளிகிறோம் என்று பேசிவிட்டு, ஒரு ஃப்ரேம்கூடக் குறைக்காமல் படத்தைப் போட்டார்கள். பாடம் எடுக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் தனியாகப் பார்ப்பவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பேச்சு படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். முடிந்த பிறகு பேசினால் அது தீர்ப்பு மாதிரி ஒலிக்கும். சிரித்தவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பேச்சும் யூனியோஷியோடு முடிந்துவிடக் கூடாது. இந்தப் படத்தில் டாக் என்றொரு முதியவர் வருகிறார். டெக்சாஸிலிருந்து ஹாலியைத் தேடி வரும் கால்நடை மருத்துவர். அவளுடைய பழைய கணவர். மணமானபோது அவளுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை என்று அவரே சாந்தமாகச் சொல்கிறார். படம் அவரைப் பரிதாபத்துக்குரிய நல்ல மனிதராகக் காட்டுகிறது. பின்னணி இசையும் அவர் பக்கம்தான். கடைசியில் டாக்ஸிக்குள் பால், நீ எனக்குச் சொந்தம் என்கிறான். மனிதர்கள் மனிதர்களுக்குச் சொந்தமில்லை என்று அவள் சொல்லும் பதிலை, அவள் விடுபட வேண்டிய கோளாறு போலப் படம் நடத்துகிறது. இப்போது முதல்முறை பார்க்கும் இருபது வயதுக்காரர்கள் யூனியோஷிக்கு நெளிந்து முடித்த கையோடு இந்த இரண்டு காட்சிகளில்தான் படத்தை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ரூனியின் பற்களைப் போல இவற்றை ஒட்டுப்போட்ட பகுதி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கதையே இவற்றின் மேல்தான் நிற்கிறது. அடுத்த விவாதம் நிச்சயம் இதைவிடக் கடினமாக இருக்கும். ஏனென்றால் இந்த முறை மாற்றி எடுத்தால் சரியாகிவிடும் என்று கைகாட்ட ஒரு மிக்கி ரூனி கிடைக்க மாட்டார்.